ராகு காலத்தில் ஒரு கிறிஸ்துமஸ் பட்டியல்

திருநெல்வேலி டவுணில் ஐயம்பெருமாள் அண்ணாச்சியின் பலசரக்குக் கடையில் எந்த நாள், எந்த மணிக்கு எத்தனை பேர் நிற்பார்கள் என்று அண்ணாச்சியிடம் கேட்டால், "அது ஆண்டவனுக்குத்தான் தெரியும்" என்பார். ஆண்டவனுக்குத் தெரியுமோ என்னவோ, முத்துராணிக்குத் தெரியும். பதினோரு வருஷமாக அந்தக் கடையில் சாமான் நிறுத்துப் பொட்டலம் போடுகிறவள் அவள்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆனாலும் பென்சிலை விடவில்லை. தினமும் கடை அடைக்கும்போது சுவரில் தொங்கும் காலண்டரில் அன்றைய தாளைக் கிழிப்பாள். அதன் முன்பக்கம் நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம் எல்லாம் அச்சடித்திருக்கும். பின்பக்கம் வெறுமையாக இருக்கும். அந்த வெறும் பக்கத்தில் முத்துராணி எழுதுவாள்: "காலை 10. நிற்க இடமில்லை. மதியம் 2. நாலு பேர், ஒரு நாய். மாலை 6. மூச்சு முட்டுது." எழுதின தாளைச் சிட்டை குத்தும் கம்பியில் குத்தி வைத்து, கம்பி நிரம்பினதும் தச்சநல்லூரில் இருக்கும் வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு சாக்கில் போட்டுவிடுவாள்.

"இதெல்லாம் எதுக்குட்டி?" என்று அவள் புருஷன் இசக்கியப்பன் கேட்காத நாளில்லை. அவன் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். வீட்டில் இடத்தை அடைக்கிற எதையும் பாரமாகவே பார்ப்பான்.

"ஒரு நாள் உதவும்" என்பாள் முத்துராணி.

பத்து வருஷமும் பத்து மாசமும் அது எதற்கும் உதவவில்லை. டிசம்பர் ஏழாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உதவியது.

அன்று அவள் தங்கச்சி பொன்செல்வி வந்திருந்தாள். பொன்செல்வியைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் முத்துராணி சொல்லாமல் விடமாட்டாள். அவள் பாளையங்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். "எங்க பொன்செல்வி ஊசி போட்டா போட்டதே தெரியாது. ஒருத்தர் போட்டு முடிச்ச பெறகு எப்பம்மா போடுவேன்னு கேட்டிருக்காரு" என்று உளுந்து வாங்க வருகிறவர்களிடமெல்லாம் முத்துராணி சொல்லியிருக்கிறாள். மல்லி வாங்க வருகிறவர்களிடமும் சொல்லியிருக்கிறாள். பொன்செல்வி மூன்று வருஷத்துக்கு முன் ஒரு கிறிஸ்தவப் பையனை விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டாள். அப்போது இரண்டு வீட்டுக்கும் நடுவில் நின்று பேசி முடித்தவள் முத்துராணிதான். மாமியார் பெயர் எலிசபெத், வீடும் பாளையங்கோட்டையில்தான். முப்பத்து நாலு வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். சம்பந்தி என்றாலும் முத்துராணி வீட்டில் எல்லாரும் அவரை டீச்சர் என்றுதான் சொல்வார்கள். சம்பந்தி என்று கூப்பிட யாருக்கும் தைரியம் வரவில்லை.

பொன்செல்வி கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். கோடு போட்ட தாளில் மணி மணியான எழுத்து. மைதா, பச்சரிசி, பாசிப்பருப்பு, மண்டை வெல்லம், முந்திரி, எள், எண்ணெய், பட்டை, ஏலக்காய் என்று வரிசையாக இருபத்து மூன்று சாமான்.

"யக்கா, இந்த வருஷம் கிறிஸ்துமஸ் சாமான் வாங்குத பொறுப்பு எனக்குன்னு அத்தை சொல்லிட்டாவ."

"ஏளா, நல்லதுதான. அவ்வோ இருபத்தி நாலாந்தேதி வந்து கூட்டத்துல இடிபடுத இடிக்கு, இப்பவாது விட்டாவளே."

எலிசபெத் டீச்சர் முப்பது வருஷமாக இருபத்து நாலாம் தேதிதான் வாங்குவார். காலையில் ஒரு தடவை வந்து கூட்டத்தில் முழங்கையால் வழி பண்ணி, பட்டியல் முழுவதையும் வாங்கிப் போவார். வீட்டுக்குப் போனால் ஏதாவது ஒன்று விட்டுப்போயிருக்கும். அதற்காகச் சாயங்காலம் மறுபடி வருவார். போன வருஷம் கிராம்பு, அதற்கு முந்தின வருஷம் ஜவ்வரிசி. பலகாரம் சுட்டு முடிக்க நடுராத்திரி ஆகும். மறுநாள் விடியற்காலை ஆராதனைக்கு வீடே தூங்கி வழிந்துகொண்டு போகும்.

"இருபத்திரெண்டாந்தேதிக்குள்ள பலகாரம் டின்னுல இருக்கணுமாம்," என்றாள் பொன்செல்வி. "ஒரு சாமான்கூடக் குறையக் கூடாதாம். கூட்டத்துல நிக்காம வாங்கணுமாம். அதுக்குத்தான் திட்டம் வேணும்னு சொல்லுதாவ. சரியா செஞ்சிட்டா..."

"செஞ்சிட்டா?"

"இந்த வருஷம் கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்கு உங்களையெல்லாம் கூப்பிடலாம்னு சொல்லிட்டாவ. குறைஞ்சா, பட்டியல் அவ்வோ கைக்கே போயிரும். சாப்பாடும் அடுத்த வருஷம் பாப்போம்னு ஆயிரும்."

முத்துராணி தாளை மடித்து மடியில் வைத்தாள். மூன்று கிறிஸ்துமஸுக்கும் டீச்சர் வீட்டிலிருந்து ஒரு தூக்குச்சட்டி நிறையப் பலகாரம் வந்துவிடும், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் வாங்க, உட்காருங்க, சாப்பிடுங்க என்று ஒரு வார்த்தை வந்ததில்லை. பண்டிகைக்குச் சட்டி வருவது பக்கத்து வீட்டு உறவு. இலை போட்டால்தான் சம்பந்தி உறவு. தங்கச்சி இத்தனை படித்தும் அந்த வீட்டில் தன் ஆட்களை ஒரு வேளை உட்கார வைக்க முடியவில்லையே என்பது முத்துராணிக்கு உள்ளூர ஒரு முள்.

"கெடக்கு. இசக்கியப்பா, அந்தப் பரண்ல இருக்க சாக்கை எறக்கும்," என்றாள். கோபமும் சந்தோஷமும் கூடினால் புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அவள் வழக்கம்.

பதினோரு வருஷத்து டிசம்பர் தாள்களும் தரையில் விரிந்தன. நடக்க இடமில்லாமல் இசக்கியப்பன் கட்டில் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

"இருபது, இருபத்தொண்ணு வேண்டாம், சனி ஞாயிறு. சம்பளக்காரங்க பூராம் அன்னைக்குத்தான் வருவாங்க," என்று முத்துராணி ஒவ்வொன்றாகத் தள்ளினாள். "பத்தொம்பது அனுமன் ஜெயந்தி, உளுந்துக்கு அடிதடி. பதினேழு பதினெட்டு உனக்கு டூட்டி. பதினஞ்சு கார்த்திகை கடைசித் திங்கள், கோயிலுக்கு வாரவுக அப்படியே கடைக்கும் வருவாவ. பதினாறு."

"பதினாறு எனக்கு ரெண்டு மணியோட டூட்டி முடியும். மூணு மணிக்கு டவுணுக்கு வந்துருவேன்."

"செவ்வாய்க்கிழமை. மூணு மணி." முத்துராணி தாள்களைப் புரட்டினாள். பதினோரு வருஷத்துச் செவ்வாய்க்கிழமைகளும் ஒரே மாதிரி பேசின. "மூணு மணி. ஒருத்தருமில்லை." "மூணு மணி. அண்ணாச்சி தூங்குதாக. கடுகு புடைச்சேன்." "மூணேகால். ஒரு ஆள் வந்தார், மணி கேட்டுட்டுப் போயிட்டார்."

பொன்செல்வி தாளைத் திருப்பி முன்பக்கம் பார்த்தாள். சிரிப்பை அடக்க முடியவில்லை. "யக்கா, மூணுலேருந்து நாலரை ராகு காலம். அதான் ஒருத்தரும் வரல. நீயா என்னை ராகு காலத்துல சாமான் வாங்கச் சொல்லுத? நீ ராகு காலத்துல தலைகூடச் சீவ மாட்டியே."

"நான் சீவ மாட்டேன். நீதான் இப்ப அந்த வீட்டுப் பிள்ளையாச்சே. உங்க ஆளுக கிட்ட ராகு என்ன வேலையா வரப் போறான்?"

"அண்ணாச்சி தருவாரா?"

இது நல்ல கேள்வி. ஐயம்பெருமாள் அண்ணாச்சி பரம்பரைச் சைவ வியாபாரி. ராகு காலத்தில் கடையை அடைக்க மாட்டார், ஆனால் புதுப் பட்டியலைக் கையால் தொட மாட்டார். தொடங்கினது தொடரலாம், புதிதாகத் தொடங்கக் கூடாது என்பது அவர் சட்டம். அந்த ஒன்றரை மணி நேரமும் அரிசி மூட்டை மேல் துண்டை விரித்துப் படுத்துவிடுவார்.

"அவ்வோ தூங்கட்டும். ஒரு ஆளுக்குத்தான, பைய நான் நிறுத்துத் தந்துருதேன். ஈ காக்கா இருக்காது. யாரிட்டயும் மூச்சு விடாத."

பொன்செல்வி நாளையும் நேரத்தையும் அத்தையிடம் சொன்னதோடு சரி, வேறு மூச்சு விடவில்லை. இந்தக் கதையில் மூச்சு விட்டது முத்துராணிதான்.

புதன்கிழமை சாயங்காலம் எலிசபெத் டீச்சர் போன் செய்தார். டீச்சர் குரல் கேட்டதும் முத்துராணி உட்கார்ந்திருந்த முக்காலியிலிருந்து எழுந்து நின்றாள்.

"முத்துராணி, செவ்வாய்க்கிழமை மூன்று மணி என்று முடிவு செய்திருக்கியாமே. எந்த அடிப்படையில்?"

அடிப்படை என்று கேட்டால் முத்துராணி என்ன செய்வாள். காலண்டர் தாள், பென்சில், கம்பி, சாக்கு எல்லாவற்றையும் சொன்னாள்.

"பதினோரு வருஷம் எழுதி வைத்திருக்கியா? ஒரு நாள்கூட விடாமலா?"

"அம்மை போட்டப்ப ஒம்பது நாள் விட்டுப் போச்சு டீச்சர்."

டீச்சர் சொன்னார்: "என்னிடம் படித்து இன்றைக்கு எங்கெங்கேயோ பெரிய உத்தியோகத்தில் இருக்கிற பிள்ளைகள் உண்டு. ஒருத்தராவது இவ்வளவு ஒழுங்கா ஒரு காரியம் செய்திருப்பாங்களா, சந்தேகம்தான்."

முத்துராணிக்குக் கணக்குப் பாடத்தில் யாரும் இதுவரை நல்ல வார்த்தை சொன்னதில்லை. காது சூடாகிவிட்டது. நிறுத்த முடியவில்லை. புதன்கிழமை பன்னிரண்டிலிருந்து ஒன்றரையும் காலிதான், வெள்ளிக்கிழமை பத்தரைக்கு மேல் பாதி காலி, எல்லாவற்றிலும் சிறந்தது செவ்வாய்தான் என்று பாடமே நடத்திவிட்டாள். கடைசியில்தான் ஞாபகம் வந்து, "யாரிட்டயும் சொல்லிராதிய டீச்சர்" என்றாள்.

"நான் யாரிடம் சொல்லப் போறேன்," என்றார் டீச்சர்.

பதினாறாம் தேதி. மார்கழி ஒன்று. முத்துராணி விடிந்ததும் கடைக்கு வந்துவிட்டாள். திட்டம் போட்டுக் கொடுத்தது அவளே என்றாலும், சொந்தத் தங்கச்சியின் முதல் பண்டிகைச் சாமானை ராகு காலத்தில் நிறுக்க அவளுக்குக் கை வரவில்லை. ராகு பாளையங்கோட்டை வரைக்கும் போக மாட்டான்தான். ஆனாலும் தராசு டவுணில்தானே இருக்கிறது. காலை ஏழரையிலிருந்து எட்டரை நல்ல நேரம். ஏழரைக்கே மஞ்சள் ஒரு துண்டை முதலில் பையில் போட்டாள். அந்தக் கடைப் பட்டியல் எதுவானாலும் மஞ்சளில்தான் தொடங்கும். பிறகு இருபத்து மூன்று சாமானையும் நிறுத்துக் கட்டினாள். கட்டும்போது கவனித்தாள், பட்டியலில் பட்டை இருக்கிறது, ஏலக்காய் இருக்கிறது, கிராம்பு இல்லை. கிராம்பு இல்லாமல் என்ன பிரியாணி. டீச்சருக்கு இந்த வருஷமும் மறந்துபோச்சு என்று நினைத்து, தானாகவே ஒரு கிராம்புப் பொட்டலமும் சேர்த்தாள். பையின் காதில் ஒரு சீட்டையும் கட்டினாள்: "பொன்செல்வி. காலை 8.05." எதிலும் நேரம் எழுதாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. பையைக் கல்லா மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு, மூன்று மணிக்குத் தங்கச்சி வந்ததும் அப்போதுதான் நிறுத்த மாதிரி கொடுத்துவிடலாம் என்று இருந்தாள்.

மத்தியானம் இரண்டு நாற்பதுக்கு அண்ணாச்சி துண்டை உதறி அரிசி மூட்டை மேல் விரித்தார். அதே நேரம் வாசலில் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. ஆறு பெண்கள் இறங்கினார்கள். எல்லார் கையிலும் கூடை. எல்லார் கையிலும் பட்டியல்.

"இங்கனதானே அந்தக் கூட்டமில்லாத கடை?" என்று முதலில் இறங்கினவள் கேட்டாள்.

முத்துராணி பதில் சொல்வதற்குள் இரண்டாவது ஆட்டோ. அதற்குப் பின்னால் ஒரு வேன். வேனிலிருந்து சபைப் போதகரின் மனைவி இறங்கினார். அந்தச் சபையில் போதகரை ஐயர் என்பார்கள், அவர் மனைவி ஐயரம்மா. கடைசியாக முன் சீட்டிலிருந்து, மடிப்புக் கலையாத சேலையில், எலிசபெத் டீச்சர்.

"டீச்சர், யாரிட்டயும் சொல்ல மாட்டேன்னிய," என்றாள் முத்துராணி.

"யாரிடமும் சொல்லவில்லையே. பெண்கள் சங்கத்தில்தான் சொன்னேன்."

"ஆராதனை முடிஞ்சதும் எழுந்து நின்னு சொன்னாவ," என்று கூடைக்காரி ஒருத்தி விளக்கினாள். "என் மருமகளோட அக்கா பதினோரு வருஷம் ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடிச்சிருக்கான்னு. கைதட்டுனோம்."

கைதட்டு கேட்கக் கிடைக்கவில்லையே என்று ஒரு நொடி முத்துராணிக்கு வருத்தமாகக்கூட இருந்தது. அடுத்த நொடி எண்ணிப் பார்த்தாள். முப்பத்து நாலு பேர். மணி இரண்டு நாற்பத்தாறு.

அண்ணாச்சி மூட்டையிலிருந்து எழுந்து உட்கார்ந்து கண்ணைக் கசக்கினார். "ஏ முத்துராணி, என்ன இது, எங்கனயும் வெள்ளமா? சனம் இப்படி வந்து ஏறுது."

"கிறிஸ்துமஸ் சாமானுக்கு வந்திருக்காவ அண்ணாச்சி. நல்ல ஏவாரம்."

"நல்ல ஏவாரம்தான். மூணு மணிக்கு மேல ஒரு புதுப் பட்டியலையும் இந்தக் கடையில தொடப்படாது. நாலரைக்கு வரச் சொல்லு."

கூட்டத்தில் சத்தம் எழும்பியது. நாலரைக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகள் வந்துவிடும், ஐந்து மணிக்குப் பாட்டுப் பயிற்சி இருக்கிறது, வேன்காரர் அதற்கு மேல் நிற்கமாட்டார். டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு முத்துராணியைப் பார்த்தார். திட்டம் தோற்றால் அது பொன்செல்வியின் திட்டம் என்றுதான் எழுதப்படும் என்பது அந்தப் பார்வையில் தெளிவாக இருந்தது. பொன்செல்வியோ இன்னும் வந்து சேரவில்லை.

முத்துராணி கண் மஞ்சள் டின்னில் விழுந்தது.

"அண்ணாச்சி, தொடங்குனது தொடரலாம்லா?"

"தொடரலாம். அதுல குத்தமில்ல."

"மஞ்சள் நிறுத்துட்டா பட்டியல் தொடங்குன கணக்குத்தான?"

அண்ணாச்சி யோசித்தார். அவர் அப்பா சொன்னது, தாத்தா சொன்னது எல்லாவற்றையும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்த மாதிரி இருந்தது. வாசலில் நின்ற முப்பத்து நாலு கூடைகளையும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தார்.

"கணக்குத்தான்," என்றார்.

முத்துராணி மஞ்சள் டின்னைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். "டீச்சர், எல்லாரையும் வரிசையா நிறுத்துங்க. பதிமூணு நிமிஷம்தான் இருக்கு."

முப்பத்து நாலு வருஷ அனுபவம் அப்போது வெளியே வந்தது. "இரண்டு இரண்டு பேராக," என்று டீச்சர் ஒரு சொல் சொன்னார். கூட்டம் காலைப் பிரார்த்தனைக்கு நிற்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி நின்றுவிட்டது. முத்துராணி ஒவ்வொரு பட்டியலின் தலையிலும் பென்சிலால் மஞ்சள் என்று எழுதி, ஒரு துண்டைத் தராசுத் தட்டில் தட்டி எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டே போனாள்.

"நாங்க கேக்குல மஞ்சள் போட மாட்டோமே," என்றாள் ஒருத்தி.

"மீன்கொழம்புக்கு ஆகும், வாங்கிக்கோங்க."

"எனக்கு மஞ்சள் வீட்டுல இருக்கு."

"இருக்கட்டும் மதினி. இது அண்ணாச்சிக்கு."

கடைசித் துண்டு ஐயரம்மா கூடையில் விழும்போது சுவர்க் கடிகாரத்தில் இரண்டு ஐம்பத்தொன்பது. அண்ணாச்சி அதை நின்று பார்த்து உறுதி செய்துகொண்டு, சட்டையை மாட்டி, தானே மைதா மூட்டையைப் பிரித்தார். முப்பது வருஷத்தில் ராகு காலத்தில் அவர் தூங்காமல் இருந்தது அன்றுதான்.

பொன்செல்வி மூன்றேகாலுக்கு வந்தாள். தெருமுனையிலேயே நின்றுவிட்டாள். கடை வாசலிலிருந்து பாதித் தெரு வரைக்கும் கூடைகள். முண்டியடித்து உள்ளே வந்து அக்காவின் காதோரம் கேட்டாள்: "யக்கா, ஈ காக்கா இருக்காதுன்ன."

"பாரு, ஒரு ஈயாவது இருக்கா?"

"வெளையாடாத. கூட்டத்துல நிக்காம வாங்கணும்னு அத்தை சொல்லியிருக்காவ. அவ்வோ முன்னாடியே நிக்குதாவ. போச்சு, எல்லாம் போச்சு."

பொன்செல்வியின் கண் கலங்கினதைப் பார்த்ததும் முத்துராணி மற்றதையெல்லாம் மறந்தாள். மேசைக்கு அடியில் குனிந்து பையை இழுத்து எடுத்து மேலே வைத்தாள். "உனக்கு நிக்கவே வேண்டாம். தயாரா இருக்கு. எடுத்துட்டுப் போ."

எலிசபெத் டீச்சர் பக்கத்தில் வந்தார். பையின் காதில் தொங்கின சீட்டைத் தூக்கி, கண்ணாடியைச் சரிசெய்து, வாசித்தார்.

"காலை எட்டு ஐந்து," என்றார். "ஆக, எங்களுக்கெல்லாம் ராகு காலம். உன் தங்கச்சிக்கு நல்ல நேரம்."

முத்துராணி சீட்டைப் பார்த்தாள். அவள் எழுத்துதான், அவள் கட்டின சீட்டுதான்.

டீச்சர் கைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். பரீட்சைத் தாள் திருத்துகிற மாதிரி ஒவ்வொரு பொட்டலமாக எடுத்துப் பட்டியலில் டிக் போட்டார். இருபத்து மூன்றும் சரி. மஞ்சள் துண்டு போக, கடைசியில் கையில் ஒரு சின்னப் பொட்டலம் மிஞ்சியது.

"இது என்ன?"

"கிராம்பு டீச்சர். பட்டியல்ல விட்டுப்போயிருந்துது. பிரியாணிக்கு வேணும்லா, நானே சேத்துட்டேன்."

டீச்சர் முகம் சுண்டிப்போனது. கெட்டிக்காரத்தனம் என்று பாராட்டுவார் என்று எதிர்பார்த்த முத்துராணிக்கு அது ஏன் என்று விளங்கவில்லை. "சரி," என்று மட்டும் சொன்னார் டீச்சர். "பலகாரம் ஆகட்டும். இருபத்து நாலாம் தேதி வரைக்கும் பார்ப்போம்."

கூட்டம் கலைய நாலேகால் ஆனது. சிதறினதையெல்லாம் ஒதுக்கிவிட்டு, ஐந்தரைக்கு மேல் தரையைக் கூட்டும்போது கடுகு டின்னுக்குப் பின்னால் ஒரு சின்னப் பொட்டலம் கிடந்தது. கிராம்பு. தன் கையால் கட்டின முடிச்சு.

ஒரு சாமான் குறைந்தாலும் சாப்பாடு இல்லை. முத்துராணி உடனே தங்கச்சிக்குப் போன் போடக் கையைக் கொண்டுபோனாள். பிறகு நின்றாள். கடைசியாக அதைக் கையில் வைத்திருந்தது டீச்சர். டீச்சர் நின்ற இடத்திலிருந்து கடுகு டின் எட்டடி. தானாக உருண்டு போகக் கிராம்புக்குக் கால் கிடையாது.

வீட்டுக்குப் போனதும் சாக்கைப் பிரித்தாள். போன வருஷம் டிசம்பர் இருபத்து நாலு: "மாலை 6. மூச்சு முட்டுது. டீச்சர் மறுபடி வந்தாங்க, கூட இன்னும் ரெண்டு டீச்சர். கிராம்பு. 6.30. மூணு பேரும் எதிர்த்த அல்வாக் கடையில். சிரிப்புச் சத்தம் இங்க கேக்குது." அதற்கு முந்தின வருஷம்: "டீச்சர். ஜவ்வரிசி. அல்வாக் கடை." அதற்கும் முந்தின வருஷம் பாளையங்கோட்டையில் எங்கேயும் கிடைக்காத சாமானாக டீச்சருக்கு மிளகு தேவைப்பட்டிருக்கிறது. "அல்வாக் கடை."

டீச்சருக்குச் சர்க்கரை வியாதி. மருமகள் நர்ஸ். வீட்டில் பொன்செல்வி காப்பிக்குச் சர்க்கரைகூடக் காட்ட மாட்டாள். முத்துராணி தாளை மடியில் வைத்துக்கொண்டு தனியாக வெகுநேரம் சிரித்தாள். இசக்கியப்பன் என்னவென்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல, கணக்கு சரியா வந்துட்டு" என்றாள்.

பலகாரம் இருபத்தொன்றாம் தேதியே டின்னில் ஏறிவிட்டது. முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு, அதிரசம் எல்லாம் இருந்தன. டீச்சர் மூடியைத் திறந்து பார்த்தார், மூடினார், ஒன்றும் சொல்லவில்லை என்று பொன்செல்வி போனில் புலம்பினாள். இருபத்து நாலாம் தேதி சாயங்காலம் ஐந்து மணிக்கு மறுபடி போன்.

"யக்கா, நீ கிராம்பு போட்டேல்லா? பையில காணுமாம். அத்தை டவுணுக்குக் கெளம்பிட்டாவ. நான் சொன்னேம்லா, ஒரு சாமான் குறையக் கூடாதுன்னு. இனி எங்க சாப்பாடு."

"ஏளா, அழாத. அம்மைக்கும் பெரியம்மைக்கும் சேத்து நாலு எலை போடச் சொல்லு. நான் பாத்துக்கிடுதேன்."

ஆறு மணிக்கு டீச்சர் வந்தார். கடையில் கால் வைக்க இடமில்லை. டீச்சர் முழங்கையை விரித்துக்கொண்டு வந்த வேகத்தையும், பின்னால் அவரைப் பிடித்துக்கொண்டு வந்த இரண்டு ஓய்வு பெற்ற டீச்சர்களின் முகத்தையும் பார்த்தால், இந்தக் கூட்டத்தில் இடிபட ஒரு வருஷமாகக் காத்திருந்தவர்கள் என்று யாரும் சொல்லிவிடுவார்கள்.

"முத்துராணி, கிராம்பு ஐம்பது கிராம்."

முத்துராணி தராசைத் தொடவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து டீச்சர் முன்னால் வைத்தாள். அதில் ஒரு சீட்டு கட்டியிருந்தது: "16ஆம் தேதி. மாலை 5.40. கடுகு டின்னுக்குப் பின்னால்."

டீச்சர் வாசித்தார். இரண்டு தடவை வாசித்தார். சுற்றிலும் கூட்டம் கத்திக்கொண்டிருந்தது.

"பொன்செல்வியிடம் சொல்லிவிட்டியா?"

"நான் யாரிட்ட டீச்சர் சொல்லப் போறேன்."

"பெண்கள் சங்கத்தில்?"

"எனக்கு ஏது சங்கம்."

டீச்சர் பொட்டலத்தைக் கைப்பைக்குள் போட்டுப் பூட்டினார். பிறகு, மறந்துபோனது ஞாபகம் வந்த மாதிரி சொன்னார்: "நாளைக்கு நீங்கள் எல்லாரும் நம் வீட்டில்தான் சாப்பிடணும். உங்கள் அம்மாவையும் கூட்டி வா. மார்கழியாச்சே, கறி சாப்பிடுவீங்கதானே?"

"மார்கழி அண்ணாச்சி வீட்டுக்குத்தான் டீச்சர். எங்க சாமி ஆடு கேக்குத சாமி."

"நல்லது."

"டீச்சர்," என்று முத்துராணி குரலைத் தாழ்த்தினாள். "அல்வா நூறு கிராமுக்கு மேல வேண்டாம். நான் இங்கன இருந்து பாத்துக்கிட்டுத்தான் இருப்பேன்."

"எழுதி வைப்பியா?"

"வைப்பேன்."

அன்றைய தாளின் பின்பக்கம் இப்படி இருக்கிறது: "மாலை 6.40. அல்வாக் கடை. மூணு பேர், ஆளுக்கு நூறு. டீச்சர் மட்டும் ரெண்டு தடவை."

கிறிஸ்துமஸ் வியாழக்கிழமை வந்தது. சபை முடிந்து, கை குலுக்கி முடிந்து, வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாருக்கும் கேக் கொடுத்து முடிந்து, பிரியாணிப் பாத்திரம் இறங்கும்போது மணி ஒன்று இருபத்தைந்து. முத்துராணியும் இசக்கியப்பனும் அம்மாவும் பெரியம்மாவும் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். முத்துராணி சுவர்க் கடிகாரத்தையே பார்த்தாள். வியாழக்கிழமை ஒன்றரைக்கு ராகு காலம். மூன்று வருஷம் காத்திருந்த முதல் சாப்பாடு. பாத்திரத்தைச் சுற்றிக் கட்டின துணியை மாப்பிள்ளை இன்னும் அவிழ்த்துக்கொண்டிருந்தார். முடிச்சு விழுந்துவிட்டது.

ஒன்று இருபத்தெட்டுக்கு எலிசபெத் டீச்சர் டின்னைத் திறந்து ஓர் அச்சுமுறுக்கை எடுத்து முத்துராணி இலையின் ஓரத்தில் வைத்தார்.

"தொடங்கினது தொடரலாம்," என்றார். "கடி."

முத்துராணி கடித்தாள். சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

பிறகு பிரியாணி வந்தது, பைய வந்தது. அதற்கு இனி அவசரமில்லை. பொன்செல்வி அக்கா இலையில் இன்னொரு கரண்டி வைத்துவிட்டு அவள் பக்கத்தில் குனிந்தாள். "யக்கா, காலையில அத்தைக்குச் சுகர் பாத்தேன். எப்படி ஏறுச்சுன்னே தெரியல. வீட்டுல ஒரு இனிப்பைக்கூடத் தொட விடல."

முத்துராணி வாயில் அகப்பட்ட ஒரு கிராம்பை எடுத்து இலையோரம் வைத்தாள். எதிரே டீச்சர் தண்ணீர் செம்பைத் தூக்கி நிதானமாகக் குடித்துக்கொண்டிருந்தார்.

"பண்டிகை நாள்ல அப்படித்தாம்ட்டி ஏறும்," என்றாள் முத்துராணி. "இன்னும் கொஞ்சம் கறி வை."